ஆயுட்காலத்திற்குப் பின்

நாற்பத்தொரு வருடம் பத்திரம் எழுதிய கை இது.
செக்குபந்தி சொல்லி, நடுவில் உள்ள கிணற்றைச் சொல்லி,
கிணற்றில் தண்ணீர் இல்லாததை மட்டும்
சொல்லாமல் விட்ட கை.
இப்போது வேதாளைக்குக் கிழக்கே
முதியோர் குடியிருப்பில் பதினோராம் எண் அறை.
சாப்பாட்டு மேசையில் சாம்பார் துடைத்த இடத்தில்
உயில்கள் எழுதுகிறேன். கூலி கிடையாது.
உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம்,
வெள்ளைத்தாள் போதும்.
மரணத்துக்கு அரசாங்கம் காட்டும் சலுகை.

ஆமினா உம்மாவுக்குப் பெரியபட்டினத்தில் எழுபது தென்னை.
பிள்ளைகள் படிப்புக்கு எழுதிவைக்க வேண்டும்;
மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, மார்க்கம் அப்படி.
இருபத்து மூன்று மரம் எழுதிவிட்டு
இருபத்து நாலாவதில் மூன்றில் ஒரு பங்குக்கு
எந்த மட்டையைக் காட்டுவது என்று
அஸர் தொழுகை வரை கணக்குப் போட்டோம்.

கருமலையான் பாம்பன் பாலத்தில் ஆணி முறுக்கியவர்.
கண்கள் இரண்டையும் எழுதினார்.
"இடதுல புரை. கழிச்சுக்கிட்டு எடுத்துக்கச் சொல்லுங்க."

பிலோமின் டீச்சர் சொன்னது நீளமில்லை:
வைப்புத்தொகை நான்கு லட்சம்.
பாசி எடுக்கும் பெண்கள் கரையேறி
ஈரம் மாற்ற ஓர் அறை, ஒரு கழிப்பறை,
உப்புக் கரிக்காத தண்ணீருக்கு ஒரு தொட்டி.
'என் ஆயுட்காலத்திற்குப் பின்' என்று தொடங்கினேன்.
பேனாவே எழுதிவிடும் அதை, நான் வேண்டியதில்லை.

சங்கத்தின் சார்பில் வந்திருந்தாள் நம்புதாய்.
விரல்களில் துணி சுற்றிய தடம்.
பாறை கிழித்த கணுக்கால்.
நாற்காலி நனையுமென்று நின்றபடியே கேட்டாள்.
வாசித்து முடித்தேன்.
"எப்ப சார் கைக்கு வரும்?"
மின்விசிறி மட்டும் சுற்றியது.
சொன்னேன்.
டீச்சரைப் பார்த்தாள். எண்பத்திரண்டு வயது,
விடியுமுன் கரை வரை போய்த் திரும்பும் கால்.
"அப்ப வேணாம் டீச்சர்.
நீங்க இருங்க.
தாழம்புதர் மறைவுலயே மாத்திக்கிறோம்,
இத்தன வருசமா மாத்தலையா."

கருமலையான்தான் முதலில் சிரித்தார்.
டீச்சர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி
அந்த ஒரு வரியின் மேல் கோடு போட்டார்,
வீட்டுப்பாட நோட்டில் போடுவதுபோல்
ஸ்கேல் வைத்து.
மறுநாள் வைப்பை முறித்தார்.
வட்டி குறைந்தது. அபராதம் பிடித்தார்கள்.
கனடாவில் இருக்கும் மகன் பத்து நாள் பேசவில்லை.
காசோலைக்குப் பத்திரம் தேவைப்படவில்லை.
முதல்முறையாக ஒரு தர்மம்
என் பேனாவைச் சுற்றிக்கொண்டு போனது.

கச்சான் காற்றில் பாதி சிமெண்ட் எங்கள் கண்ணுக்குள்.
தொட்டி நீலமா கறுப்பா என்று இரண்டு வேளை சண்டை.
கட்டக்கோரை காயும் மணலில் சுவர் எழுந்தது.
பழக்கம் போகுமா, மனசுக்குள் எழுதினேன்:
வடக்கே ரயில்பாதை, தெற்கே கடல்,
கிழக்கும் மேற்கும் மணல்,
இதற்குட்பட்டது பத்துக்குப் பன்னிரண்டு.

திறந்த அன்று டீச்சர்தான் முதலில் நுழைந்தார்.
கதவைச் சாத்தினார். கதவு திறந்துகொண்டது.
மறுபடி சாத்தினார். உள்ளிருந்து குரல்:
"தாழ்ப்பாள் எங்கே?"
மேஸ்திரி என்னைப் பார்த்தார்.
என்னை ஏன் பார்த்தார் என்று இன்றும் தெரியாது.

உச்சிப்புளி இரும்புக்கடையில் தொண்ணூற்றைந்து ரூபாய்.
திருகாணி நாலு இனாம்.
ரசீது போடவா என்றான். வேண்டாம் என்றேன்.
என் ஆயுட்காலத்திலேயே,
நல்ல நினைவுடன்,
யாருடைய வற்புறுத்தலும் இன்றி,
டீச்சருடையது நீங்கலாக.